மாதிரிக்கு ஒரு டம்ளர்

காலை ஆறேகாலுக்கு, ஓட்ஸ் கஞ்சி நிரப்பிய டம்ளரைத் தட்டின் நடுவில் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு மனத்துக்குள் முப்பது வரை எண்ணினேன். எண்ணி முடித்ததும் டம்ளரை ஆடாமல் அசையாமல் நேராக மேலே தூக்கினேன். ஓட்ஸ் டம்ளரின் உருவத்திலேயே ஒரு நொடி நின்றது. பிறகு மெல்லக் கீழே இறங்கி, பாதி உயரத்துக்குச் சற்று மேலே வந்து நிலைத்துவிட்டது. பக்கத்தில் ஸ்கேலை நிறுத்தி அளந்தேன். முப்பத்தெட்டு மில்லிமீட்டர் சரிவு. விளிம்பைச் சுற்றி ஒரு சொட்டுத் தண்ணீர் பிரியவில்லை. நோட்டில் தேதி, நேரம், சரிவு மூன்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். யாருக்காகக் கையெழுத்து என்று கேட்டால் சொல்லத் தெரியாது. முப்பத்தொரு வருஷப் பழக்கம், கை தானாகப் போட்டுவிடுகிறது. அதே சட்டியிலிருந்து இன்னொரு டம்ளர் நிரப்பி, மூடி போட்டு, ஃபிரிட்ஜின் தலையில் வைத்தேன். அது மாதிரி. அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை.

நான் கான்கிரீட் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவன். லாரி வந்து நின்றதும் அதிலிருந்து கொஞ்சம் கலவையை வாங்கி, கூம்பு அச்சில் நிரப்பி, அச்சைத் தூக்கிவிட்டு எவ்வளவு சரிகிறது என்று பார்ப்பேன். அளவுக்கு மேல் சரிந்தால் வழியில் யாரோ தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஊற்றுவார்கள். தண்ணீர் சேர்த்தால் கலவை தானாக ஓடும், ஆட்களுக்கு இடுப்பு ஒடியாது, வேலை சீக்கிரம் முடியும். கட்டிடம் பல்லைக் காட்டும்போது ஊற்றியவன் வேறெங்கோ இருப்பான். அதனால் ஒவ்வொரு லாரியிலிருந்தும் மாதிரி எடுத்து, கட்டியாக வார்த்துத் தனியே வைத்துவிடுவேன். தகராறு வந்தால் அந்தக் கட்டிதான் எனக்குச் சாட்சி. ஊற்றவே இல்லை என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தவர்களை எல்லாம் அந்தக் கட்டியைக் காட்டி வாயடைக்க வைத்திருக்கிறேன். எனக்கு 'தண்ணி போலீஸ்' என்று பெயர். "எங்க வீட்டுக்காரர் தண்ணி போலீஸ்தான், ஆனா யாரையும் ஊதச் சொல்ல மாட்டார்" என்று என் மனைவி டிப்போவில் சொல்லிச் சொல்லிச் சிரிக்க வைப்பாள்.

அவள் இருபத்தாறு வருஷம் பஸ் கண்டக்டர். பஸ் முழுக்கக் கேட்கும் குரல். விசில் தொலைந்துபோன நாட்களில் பக்கத்துத் தகரத்தில் உள்ளங்கையால் அடிப்பாள். ஒரு தட்டு என்றால் நிறுத்து, இரண்டு தட்டு என்றால் போகலாம். விடிகாலை ஷிப்டு என்றால் பதினோரு மணிவரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. அந்த நாட்களில்தான் யாரோ சொல்லி ஸ்டீல் கட் ஓட்ஸைப் பிடித்துக்கொண்டாள். சப்பையாகத் தட்டிய ஓட்ஸ் இல்லை இது. முழுத் தானியத்தைக் கத்தியால் இரண்டு மூன்றாக நறுக்கியது, பார்க்க உடைத்த கோதுமை போல இருக்கும். ஒரு கிண்ணம் சாப்பிட்டால் மத்தியானம்வரை பசி எட்டிப் பார்க்காது. அதைச் சமைப்பதில் அவளுக்கு ஒரு கர்வம் இருந்தது. வெறும் வாணலியில் வாசனை கிளம்பும்வரை வறுப்பாள். ஒன்றுக்கு நான்கு தண்ணீர். கொதி வந்ததும் தீயைக் குறைத்து அரை மணி நேரம். கிண்டிக்கொண்டே இருந்தால் கோந்தாகிவிடும், கிண்டாமல் விட்டால் அடி பிடிக்கும், நடுவில் எப்போது கரண்டியைப் போடுவது என்பது அவளுக்குத்தான் தெரியும். கடைசியில் உப்பு, கொஞ்சம் பால், மூடி வைத்துப் பத்து நிமிஷம். சுற்றிலும் கூழாக இருக்க வேண்டும், ஆனால் ஒவ்வொரு துண்டும் பல்லுக்கு அகப்பட வேண்டும். சப்பை ஓட்ஸைச் சாப்பிடுகிறவர்களைப் பார்த்தால் அவளுக்குப் பாவமாக இருக்கும். "போஸ்டர் ஒட்டுற பசைய வழிச்சு வழிச்சுத் தின்னுதுங்க" என்பாள்.

நான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு காலை, டிப்போவில் டிக்கெட் மிஷினை வாங்கிக்கொண்டு திரும்பியவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு. வலது பக்கம் போனது. பேச்சு முழுவதும் போனது. இவற்றோடு விழுங்குவதும் போயிருந்தது என்பது எங்களுக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. நாமெல்லாம் விழுங்குவதை ஒரு வேலையாகவே நினைப்பதில்லை. அவளுக்குத் தொண்டையின் கதவு நேரத்துக்கு மூடுவதில்லை, தண்ணீர் கொடுத்தால் அது நுரையீரலுக்குப் போய்விடுகிறது. ஆஸ்பத்திரியிலேயே ஒரு முறை அப்படிப் போய், நெஞ்சில் சளி கட்டி, பன்னிரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தாள்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில், விழுங்கப் பயிற்சி கொடுக்கும் தெரபிஸ்ட் என்னை நிற்க வைத்துப் பாடம் எடுத்தார். சின்ன வயசுதான், ஆனால் கண்டிப்பானவர்.

"சார், தண்ணியாவும் இருக்கக் கூடாது, கட்டியாவும் இருக்கக் கூடாது. ரெண்டும் பிரிஞ்சு பிரிஞ்சு இருந்தா அதுதான் ரொம்ப மோசம். கட்டி வாயில நின்னுடும், தண்ணி மட்டும் முன்னாடி ஓடிப் போயிடும். ஸ்பூனைச் சாய்ச்சா மொத்தமா ஒரே உருண்டையா விழணும். ஸ்பூன்ல ஒட்டக் கூடாது, தட்டுல ஓடக் கூடாது. அதான் அளவு."

அந்த ஆஸ்பத்திரியில் எனக்குப் புரிகிற பாஷையில் ஒருவர் பேசியது அன்றைக்குத்தான். "எத்தனை மில்லிமீட்டர் சரியலாம் மேடம்?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். சிரித்துவிட்டு அடுத்ததையும் சொன்னார். இன்னொரு முறை நெஞ்சில் சளி கட்டினாலோ, எடை நாற்பத்தைந்து கிலோவுக்குக் கீழே இறங்கினாலோ, வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைத்துவிடுவார்களாம். அதற்குப் பிறகு வாய் வழியாக எதுவும் கிடையாது. என் மனைவி சக்கர நாற்காலியில் பக்கத்திலேயே இருந்தாள். அவளுடைய இடது கை நாற்காலியின் கைப்பிடியில் எழுந்து ஒரு தட்டுத் தட்டியது. நிறுத்து.

வீட்டுக்கு வந்த பிறகு மசித்த உருளைக்கிழங்கு, கெட்டியாக்கிய சூப் என்று எதைக் கொடுத்தாலும் நான்காவது ஸ்பூனில் ஒரு தட்டு விழுந்துவிடும். சப்பை ஓட்ஸைக் கொடுத்தேன், துப்பினாள். உடம்பில் பாதி போனாலும் அந்தக் கொள்கை மட்டும் போகவில்லை. ஆகவே ஸ்டீல் கட் ஓட்ஸையே தெரபிஸ்ட் சொன்ன அளவுக்குக் கொண்டுவருவது என்று இறங்கினேன். முதல் நாள் வந்தது வெந்த சரளைக்கல். இரண்டாம் நாள் கோந்து. இப்படி மூன்று வாரம். முந்தின நாள் சாயங்காலமே ஊறப்போட்டு, காலையில் பாதியை மட்டும் மிக்ஸியில் இரண்டு சுற்று விட்டு, மீதியை முழுசாகச் சேர்த்து, அரை மணி நேரத்தை ஐம்பது நிமிஷமாக்கினேன். முள்கரண்டியால் அழுத்தினால் துண்டு நசுங்க வேண்டும், ஆனால் அது துண்டுதான் என்று நாக்குக்குத் தெரிய வேண்டும். இருபத்திரண்டாம் நாள் சரிவு நாற்பதுக்குள் வந்தது. அன்று அவள் முதல் ஸ்பூனை வாயில் வாங்கி, கண்ணை மூடி, பல்லால் மெல்ல ஒரு துண்டைத் தேடிப் பிடித்தாள். பிறகு மேசையில் இரண்டு தட்டு. போகலாம். முழுக் கிண்ணமும் சாப்பிட்டாள். நான் அடுப்படிக்குள் போய் அழுதேன். சந்தோஷத்தில்தான்.

நான் சமைத்தேனே தவிர ஊட்டவில்லை. என் கையால் ஊட்டினால் நான் அவள் தொண்டையையே பார்ப்பேன், அவள் என் முகத்தையே பார்ப்பாள், இரண்டு பேரையும் பயம் பிடித்துக்கொள்ளும். ஊட்டுவதற்கும் குளிப்பாட்டுவதற்கும் என் மகள் ஒரு பெண்ணை ஏற்பாடு செய்திருந்தாள். நாற்பது வயதிருக்கும். காலை ஆறரைக்கு வந்து மத்தியானம்வரை இருப்பாள். வாய் ஓயாது. எதிர்வீட்டுக்காரியின் பல்செட், அவளுடைய குடியிருப்பில் நடுமாடியில் நின்றுபோகும் லிஃப்ட், லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு சண்டை போட்ட புதுமணத் தம்பதி என்று எதையாவது சொல்லிக்கொண்டேதான் ஊட்டுவாள். நான் அவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்தேன். "ரேடியோன்னா ஆஃப் பண்ண ஒரு சுவிட்ச் இருக்கும் சார், எனக்கு அதுவும் கிடையாது" என்றாள், கோபித்துக்கொள்ளாமல். தட்டுக் கணக்கை இரண்டே நாளில் கற்றுக்கொண்டாள். "அக்கா, ரைட் குடுங்க, போகலாம்" என்பாள். இடது கை இரண்டு தட்டுத் தட்டும். என் மனைவியின் வாயின் இடது ஓரம் கொஞ்சம் மேலே போகும். அது சிரிப்பு.

இரண்டு வாரமாகத்தான் இருமல். முதல் பத்து ஸ்பூனுக்கு ஒன்றும் இல்லை. பாதிக் கிண்ணம் தாண்டியதும் இருமுவாள், கண்ணில் தண்ணீர் வரும், ஒரு தட்டு விழும், மீதி அப்படியே நின்றுவிடும். எடை நாற்பத்தைந்தரைக்கு வந்துவிட்டது. அவ்வப்போது வீட்டுக்கு வரும் தெரபிஸ்ட் வெள்ளிக்கிழமை வந்து பார்த்து, குழாயா இல்லையா என்று சொல்வதாக இருந்தார். ஒருநாள் இருமல் கேட்டு ஓடிப்போய்க் கிண்ணத்தைப் பார்த்தேன். ஓரம் முழுக்கத் தண்ணீர் நின்றது. துண்டுகள் அடியில் கிடந்தன. இறக்கும்போது சிலை மாதிரி நின்ற கஞ்சி அது. பயந்துபோனேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, கூடவே ஒரு பழைய உற்சாகமும் வந்தது. யாரோ தண்ணீர் ஊற்றுகிறார்கள்.

"ஏம்மா, கஞ்சில தண்ணி ஏதாவது சேர்த்தியா?"

"நான் எதுக்கு சார் சேர்க்கப் போறேன்? அது தானா தண்ணி விடுது."

"தானா எப்படிம்மா விடும்?"

"எனக்கு என்ன சார் தெரியும். விடுது."

முப்பத்தொரு வருஷம் நான் கேட்ட பதில். ஒரு வார்த்தை மாறவில்லை. லாரியில் இருந்து குதிக்கும் டிரைவர் இதையேதான் சொல்வான், கண்ணைக் கூட இப்படித்தான் வைத்துக்கொள்வான். அடுத்த நாள் முதல் மாதிரி எடுக்க ஆரம்பித்தேன். அதே சட்டி, அதே நிமிஷம், ஒரு டம்ளர். அவள் ஊட்டி முடித்துக் கிண்ணத்தைக் கழுவப் போடும்போது பார்ப்பேன், கிண்ணத்தில் தண்ணீர் இருக்கும். ஃபிரிட்ஜின் மேலிருந்து டம்ளரை எடுத்துக் கவிழ்ப்பேன், சொட்டுத் தண்ணீர் இருக்காது. நான்கு நாள் நோட்டில் ஏறியது. காரணமும் எனக்குத் தெரிந்துவிட்டது. கெட்டியாக இருந்தால் ஊட்டி முடிக்க முக்கால் மணி நேரமாகிறது. தண்ணீர் சேர்த்தால் சீக்கிரம் இறங்கும். ஆட்களுக்கு இடுப்பு ஒடியாது.

செவ்வாய்க்கிழமை நான் அறைக்கு வெளியே நடையில் கண்கொத்திப் பாம்பாக நின்றேன். பாதியில் ரேடியோ பேச்சை நிறுத்தாமலேயே எழுந்து, கிண்ணத்தோடு சிங்குக்குப் போனாள். முதுகைக் காட்டிக் குனிந்தாள். கிண்ணம் குழாய்க்கு அடியில் போனது. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் திரும்பி வந்து உட்கார்வதற்குள் நான் அறைக்குள் போய்விட்டேன்.

"கையும் களவுமா பிடிச்சாச்சு. இப்பவாவது சொல்லு, ஊத்தினியா இல்லையா?"

"என்ன சார் இது. ஊத்தல, கொட்டினேன். மேல நிக்கிற தண்ணிய வடிச்சேன்."

நான் ஃபிரிட்ஜின் மேலிருந்து டம்ளரைக் கொண்டுவந்து, என் மனைவியின் மேசையிலேயே ஒரு தட்டில் கவிழ்த்தேன். அது நின்றது.

"இது அதே சட்டி. அதே நேரத்துல எடுத்தது. இது ஏன் தண்ணி விடல? உன் கையில போனா மட்டும் எப்படி விடுது?"

ரேடியோ தட்டைப் பார்த்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை. எத்தனையோ முகங்களில் நான் அதைப் பார்த்திருக்கிறேன். அது எனக்குப் பிடித்த நிமிஷம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். என் மனைவி மேசையில் தட்டினாள். ஒன்று. கொஞ்சம் விட்டு ஒன்று. மறுபடி ஒன்று.

"பாரு, தண்ணியாக்கிக் குடுத்து அவளுக்கே சாப்பிடப் பிடிக்காம பண்ணிட்ட. அவளுக்குக் குழாய் வைக்கிற நிலைமை வந்தா அது உன்னாலதான். நாளைலேருந்து வர வேண்டாம்."

ரேடியோ எழுந்தாள். ஈரத் துணியால் என் மனைவியின் வாயைத் துடைத்தாள். மடியில் கிடந்த துண்டை எடுத்து நாலாக மடித்து வைத்தாள். "அக்கா, வர்றேன்" என்றாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பி, "சார், தண்ணிய வடிச்சிட்டுக் குடுங்க. மறந்துடாதீங்க" என்றாள். பிடிபட்ட பிறகும் பொய்யைக் கைவிடாத துணிச்சல் என்று நினைத்துக் கதவைச் சாத்தினேன். உள்ளே தட்டல் நிற்கவில்லை. உள்ளங்கை சிவக்கும்வரை தட்டினாள். கையைப் பிடித்து மடியில் வைத்தேன். மகளிடம் போனில் சொன்னபோது, "அவங்களா அப்பா? நிஜமாவா?" என்றாள். "சாம்பிள் இருக்கு" என்றேன்.

புதன்கிழமை நானே ஊட்டினேன். அன்று சரிவு முப்பத்தாறு, நான் வைத்ததிலேயே நல்ல கஞ்சி. அவள் இரண்டு தட்டுத் தட்டவில்லை. ஆனால் வாயைத் திறந்தாள். ஒவ்வொரு ஸ்பூனுக்கும் அவள் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்து, இறங்கியது உறுதியான பிறகே அடுத்ததை எடுத்தேன். பன்னிரண்டு ஸ்பூன் இருமல் இல்லாமல் போனது. பார்த்தாயா என்று மனசுக்குள் யாரிடமோ சொல்லிக்கொண்டேன். பதினாறாவதோ பதினேழாவதோ, அவள் கண் திடீரென்று அகலமானது. இருமல் வரவில்லை. வர முயன்றது, வரவில்லை. உதடு நீலமாகத் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தபடி அவளை முன்னால் சாய்த்து, தோள்பட்டைகளுக்கு நடுவில் அடித்தேன். என்னை விட்டுப் போகப்போகிறாள் என்று நினைத்தேன். என் கையாலேயே கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். எத்தனையாவது அடி என்று தெரியாது, நான்கு மாதமாகக் குரலே வராத தொண்டையில் இருந்து ஒரு பெரிய சத்தத்தோடு மூச்சு வந்தது. அவள் என் தோளில் தலை வைத்து இழுத்து இழுத்து மூச்சு விட்டாள். நெடுநேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் கீழே பார்த்தேன். கிண்ணம் மேசையில் இருந்தது. ஓரம் முழுக்கத் தண்ணீர்.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். குழாய்ப் பக்கம் நான் போகவே இல்லை.

அவளைப் படுக்க வைத்து, மூச்சு சீராகும்வரை பக்கத்தில் இருந்துவிட்டு, அடுப்படிக்கு வந்தேன். மாதிரி டம்ளரைக் கவிழ்த்தேன். அது எப்போதும் போல நின்றது. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. மிச்சக் கஞ்சியை இரண்டு கிண்ணத்தில் போட்டேன். ஒன்றிலிருந்து அவள் சாப்பிடுவது போலவே சின்ன ஸ்பூனில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, வாயில் வைத்து, அதே ஸ்பூனை மறுபடி கிண்ணத்தில் விட்டேன். இன்னொன்றில் வேறு ஸ்பூனால் வெறுமனே தோண்டித் தோண்டி வைத்தேன், வாய்க்குக் கொண்டுபோகவில்லை. இருபது நிமிஷம். தோண்டிய கிண்ணம் அப்படியே கெட்டியாக இருந்தது. சாப்பிட்ட கிண்ணத்தில் ஓரத்தில் தண்ணீர் ஊறி, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடுவுக்கு வந்தது. இரண்டுக்கும் வித்தியாசம் என் வாய் மட்டும்தான்.

தெரபிஸ்டுக்குப் போன் செய்தேன். முதலில் மூச்சுத் திணறியதைச் சொன்னேன். காய்ச்சல் பார்க்கச் சொன்னார், மூச்சு எண்ணச் சொன்னார். பிறகு கிண்ணங்களைச் சொன்னேன்.

"ஆமா சார், எச்சில்தான். எச்சில் பட்டா மாவு உடைஞ்சு தண்ணியாயிடும், எச்சிலுக்கு வேலையே அதுதானே. இப்ப அவங்க முன்னைவிட மெதுவா சாப்பிடறாங்க, ஒரே ஸ்பூன் நாப்பது தடவை உள்ள போயிட்டு வருது. கொஞ்சமா எடுத்து வெச்சுக்கிட்டு ஸ்பூனை மாத்தி மாத்திக் குடுக்கணும். நான் அப்பவே சொல்லியிருக்கணும். போன தடவை வந்தப்போ உங்க வீட்டுல ஊட்டறவங்க நடுவுல எழுந்து தண்ணிய வடிச்சிட்டு வந்து குடுத்தாங்க. நீங்க சொல்லிக் குடுத்திருப்பீங்கன்னு நினைச்சேன்."

நான் போனை வைத்துவிட்டு அடுப்படி ஸ்டூலில் உட்கார்ந்தேன். மாதிரி டம்ளர் யார் வாய்க்கும் போகாதது. அதனால்தான் அது அத்தனை நாளும் சுத்தமாக நின்றது. யாரும் சாப்பிடாத கஞ்சியை வைத்துக்கொண்டு, சாப்பிட்ட கஞ்சிக்குத் தீர்ப்பு சொல்லியிருக்கிறேன். ரேடியோவுக்கும் காரணம் தெரியாதுதான். ஆனால் தண்ணீரைக் கண்டதும் அவள் அதை எடுத்துக் கொட்டினாள், நான் ஆளைத் தேடினேன். அவள் வடித்து வடித்துக் கொடுத்ததால்தான் இரண்டு வாரமும் வெறும் இருமலோடு போயிருக்கிறது. தலையில் அடித்துச் சத்தியம் செய்த டிரைவர்கள் ஒவ்வொருவராக ஞாபகத்துக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவன் வேலை போய், பரிசோதனைக்கூடத்து வாசலில் ஒரு முழு மத்தியானம் உட்கார்ந்திருந்தான். அவனைப் பற்றி அதற்கு மேல் யோசிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

சாயங்காலம் ரேடியோவைக் கூப்பிட்டேன். மூன்றாவது முறைதான் எடுத்தாள். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவள் கேட்டாள்.

"அக்காவுக்கு ஒண்ணும் இல்லையே சார்?"

"காலைல மூச்சு அடைச்சுடுச்சு. இப்ப பரவாயில்ல. காய்ச்சல் இல்ல."

"வடிக்கலையா?"

போனில் அவளுக்குப் பின்னால் ஏதோ பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. நான் எச்சிலைப் பற்றி, இரண்டு கிண்ணத்தைப் பற்றி, தெரபிஸ்ட் சொன்னதைப் பற்றி எல்லாம் சொன்னேன். மன்னிப்பு என்று வரவேண்டிய இடத்தில் எல்லாம் விளக்கம்தான் வந்தது. கடைசியில் எப்படியோ, "தப்பு என்மேலதாம்மா" என்று சொல்லிவிட்டேன்.

"என்னைத் தனியா கூப்பிட்டுக் கேட்டிருந்தா கூடப் பரவாயில்ல சார். அக்கா முன்னாடி, நான் அவங்களுக்குக் கெடுதல் பண்றேன்னு சொன்னீங்க. அதான் எனக்குத் தாங்கல."

"நாளைக்கு வர்றியா?"

"வேற வீட்டுல கூப்பிட்டிருக்காங்க சார். பார்க்கிறேன்."

வியாழக்கிழமை காலை நான் டம்ளரைக் கவிழ்க்கவில்லை. நோட்டையும் எடுக்கவில்லை. ஸ்பூனைச் சாய்த்துப் பார்த்தேன், ஒரே உருண்டையாக விழுந்தது, போதும் என்று விட்டுவிட்டேன். மூன்று சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, ஒன்பது ஸ்பூனைக் கழுவித் துடைத்து வரிசையாக அடுக்கினேன். ஆறரை ஆனது. ஜன்னலுக்குக் கீழே பஸ் வந்து நின்று, விசில் இரண்டு முறை ஊதிக் கிளம்பியது. யாரும் படி ஏறி வரவில்லை. ஏழு மணிவரை பார்த்துவிட்டு, அவளை நாற்காலியில் நிமிர்த்தி உட்கார வைத்து, மேசையை முன்னால் தள்ளினேன். அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்பூனைக் கொண்டுபோனேன். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். மறுபடி கொண்டுபோனேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பயமாக இருந்திருக்கலாம். நேற்று நடந்ததற்கு யாருக்குத்தான் பயம் வராது. ஆனால் அவளைப் பல வருஷமாகத் தெரியும், அது பயந்த முகம் இல்லை. சில்லறை இல்லை என்று பொய் சொல்லும் பயணியைப் பார்க்கும் முகம். நாளைக்கு வெள்ளிக்கிழமை. எடை பார்க்கும் மிஷினோடு தெரபிஸ்ட் வருவார். நேற்றும் இன்றும் உள்ளே போனது பதினாறு ஸ்பூன்.

ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்தேன்.

"அவ தண்ணி ஊத்தல" என்றேன். "உன் எச்சில்தான். ஸ்பூன் வழியா போயிருக்கு. அவ அதை வடிச்சுக் கொட்டிட்டு இருந்திருக்கா."

அவள் முகம் திரும்பவில்லை.

"உனக்கு இது தெரியும். நீ இங்கயேதான் உட்கார்ந்திருந்த. அவ ஊத்தலன்னு உன் கண்ணால பார்த்துக்கிட்டு இருந்த. டம்ளரைக் கொண்டுவந்து சாட்சி வெச்சேனே தவிர, உன்னை ஒரு வார்த்தை கேக்கல. நீ நிறுத்து நிறுத்துன்னு சொன்ன. என்னைத்தான் சொல்லியிருக்க. எனக்குப் புரியல." மேசையில் இருந்த ஸ்பூன்களை நேராக்கினேன். "நேத்து சாயங்காலம் அவகிட்ட பேசினேன். தப்புன்னு சொல்லிட்டேன். வருவாளான்னு தெரியல."

அப்போது திரும்பினாள். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அவள் என்னை நேராகப் பார்த்தது அப்போதுதான். நானும் அவள் தொண்டையைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தேன். வாயின் இடது ஓரம் அசையவில்லை. வரிசையாக இருந்த ஒன்பது ஸ்பூனையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நான் புது ஸ்பூன் ஒன்றை எடுத்து, கொஞ்சம் கஞ்சி அள்ளி, அவள் வாய்க்கும் மேசைக்கும் நடுவில் பிடித்தேன்.

இடது கை மெல்ல எழுந்தது. உள்ளங்கை இன்னும் சிவந்துதான் இருந்தது. மேசையில் இறங்கி ஒரு தட்டுத் தட்டியது. பிறகு மறுபடி எழுந்து, மேசைக்கு ஒரு சாண் மேலே, இறங்காமல் நின்றது. கீழே தெருவில் அடுத்த பஸ் வந்து நின்றது. ஸ்பூனில் இருந்த கஞ்சி சாயாமல் சரியாமல் இருந்தது. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே, இரண்டாவது தட்டுக்காகக் காத்திருந்தேன்.